கடைசியாக வருபவரின் வேகம்

உயர்ந்த மலைகளில் ஏரிக்கு ஏரி கூடாரம் போட்டு, பல நாள் குழுவாக நடந்து போகும் பயணங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: "என்னால் மற்றவர்களுக்குத் தொந்தரவாகிவிடுமோ?" அதனால் இந்த முறை அதற்கே நிறைய இடம் கொடுத்துவிட்டேன்.

கேள்வி: அலுவலக நண்பர்கள் எட்டுப் பேர் ஆறு நாள் பயணம் போகிறோம். மூன்று கணவாய், நான்கு ஏரி. எனக்கு 47 வயது, மற்றவர்கள் எல்லாரும் முப்பதுகளில் இருப்பவர்கள். பயிற்சி நடையிலேயே நான்தான் கடைசி. பேசாமல் விலகிக்கொள்ளட்டுமா அக்கா?

விலகாதீர்கள். பயிற்சிக்கு ஒழுங்காகப் போய், கடைசியாக வந்தாலும் முழுத் தூரமும் நடந்து முடிக்கிறீர்களே, அது போதும். சரிசெய்ய வேண்டியது உங்கள் குழு நடக்கும் முறையைத்தான்.

பெரும்பாலான குழுக்களில் நடப்பதைச் சொல்கிறேன். வேகமாகப் போகிறவர்கள் முன்னால் போய் ஒரு பாறையில் உட்கார்ந்துவிடுவார்கள். தண்ணீர் குடித்து, படம் எடுத்து, இருபது நிமிடம் இளைப்பாறுவார்கள். மெதுவாக வருபவர் மூச்சு வாங்க அங்கே போய்ச் சேர்ந்ததும், "வந்தாச்சா, கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. இப்படி மூன்று நாள் போனால் நல்ல உடம்புக்காரர்கூடத் துவண்டுபோவார். அவர் மெதுவானவர் என்பதால் துவளவில்லை, யாரும் அவரை உட்கார விடவில்லை.

நான் கூட்டிப்போகும் குழுவில் மெதுவாக நடப்பவர் முன்னாலிருந்து இரண்டாவது ஆளாக வருவார். அவருக்கு முன்னால் போகிறவர் அவருடைய மூச்சைக் காதில் வாங்கிக்கொண்டே நடக்க வேண்டும். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். கடைசி ஆளாக, வழி தெரிந்த பலசாலி ஒருவர். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஓய்வு நேரம் கடைசி ஆள் பையைக் கீழே வைத்த பிறகுதான் தொடங்கும்.

நேரக் கணக்கையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 9 கி.மீ. தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் இருக்கும் நாளுக்கு இது ஏறத்தாழ மூன்றேகால் மணி நேரம் காட்டும். முதுகில் சுமையும் 4,000 மீட்டர் உயரத்தின் மெல்லிய காற்றும் சேர்ந்தால் நான் அதை அப்படியே இரண்டு மடங்காக்கிவிடுவேன். ஆறரை மணி என்று எல்லாரும் முன்கூட்டியே மனதில் வைத்துக்கொண்டால், மதியம் யாரும் யாரையும் முறைக்க மாட்டார்கள்.

இந்தப் பதிலை உங்கள் நண்பர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: உயரத்தில் தலைவலி வருவது சகஜம், ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடந்தால் சரியாகிவிடும் என்கிறான் ஏற்கெனவே போய்வந்த நண்பன். உண்மையா?

தலைவலி சகஜம்தான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் மேலே நடப்பதுதான் ஆபத்து. இந்தக் கேள்விக்கு என் அனுபவத்தையே சொல்ல வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு வருடம் முன்பு ஒன்பது பேர் போனோம். இரண்டாம் இரவு 3,250 மீட்டரில் ஒரு புல்வெளியில் தங்கினோம். மறுநாள் நடுவழியில் தங்கியிருக்க வேண்டும். ஆனால் ஏரிக்கரையிலேயே கூடாரம் போட எல்லாருக்கும் ஆசை, நானும் சரி என்றுவிட்டேன். ஏரி இருந்தது 3,900 மீட்டரில். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், முந்தின இரவு தூங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் போய்த் தூங்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஒரு நாள் ஓய்வும் வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் அளவு. அந்த அளவு எனக்குத் தெரியும். தெரிந்தே 650 மீட்டர் ஏற்றினேன்.

குழுவில் ஒரு பள்ளி ஆசிரியர், 52 வயது. மாலை முழுவதும் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தவர் இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. போய்ப் பார்த்தேன். கூடார வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறை முடிந்துகொண்டிருந்தார். இடது நுனி, வலது நுனி, ஒரு சுற்று. அதோடு கை நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. என் ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் அந்த விரல்களை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நான்காவது முறையும் முடிச்சு விழவில்லை. "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் அசதி" என்றார்.

கூடாரக் கயிறு ஒன்றைத் தரையில் நேராகப் போட்டு, அதன்மேல் குதிகாலையும் முன்விரலையும் ஒட்டவைத்து நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தார், நாங்கள் பிடித்துக்கொண்டோம். மூளையில் நீர் கோத்துக்கொள்வதன் அடையாளம் அது. விடியட்டும் என்று காத்திருக்கும் விஷயமே இல்லை. மூளை வீக்கத்தைக் குறைக்க மருத்துவர் முன்பே எழுதித் தந்திருந்த டெக்ஸாமெத்தசோன் மாத்திரையைக் கொடுத்து, ஒன்பது மணிக்கு மூன்று பேர் அவரைத் தாங்கிப் பிடித்தபடி கீழே இறங்கத் தொடங்கினோம். புல்வெளிக்கு வந்துசேர மணி ஒன்றாகிவிட்டது. கடைசி அரை மணி நேரம் அவர் தன் காலிலேயே நடந்தார்.

காலையில் கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னார், தலைவலி முந்தின நாள் மதியமே தொடங்கிவிட்டதாம். இரண்டு வேளை மாத்திரை போட்டிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றேன். "எனக்காக எட்டுப் பேர் திரும்பணுமான்னு தோணுச்சு" என்றார்.

அவர்மேல் எனக்கு ஒரு நொடிகூடக் கோபம் வரவில்லை. நான் கேட்கவில்லையே என்றுதான் இருந்தது. "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று மொத்தமாகக் கேட்டிருக்கிறேன். மொத்தமாகக் கேட்டால் "நல்லா இருக்கோம்" என்று மொத்தமாகத்தான் பதில் வரும்.

அதற்கப்புறம் ஒவ்வொரு மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கு ஆள் எண் கேட்கிறேன். கனடாவில் உள்ள லேக் லூயிஸ் என்ற ஏரியின் பெயரில் மலை மருத்துவர்கள் 1991-இல் வகுத்து, 2018-இல் திருத்திய மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. தலைவலி, குமட்டல் அல்லது பசியின்மை, அசதி, தலைசுற்றல் என்று நான்கே விஷயம். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றால் 0, மோசம் என்றால் 3. தலைவலி இருந்து, மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். என் எண்ணை நான்தான் முதலில் சொல்வேன். "எனக்குத் தலைவலி ஒண்ணு, அசதி ஒண்ணு" என்று நானே சொன்ன பிறகு அடுத்தவருக்குத் தயக்கம் போய்விடும்.

எண் 3 ஆனால் அந்த ஆள் அடுத்த நாள் மேலே ஏறக் கூடாது, அங்கேயே தங்க வேண்டும். தங்கியும் கூடினால் இறங்க வேண்டும். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ எண்ணெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே இறக்குங்கள். தனியாக ஒருபோதும் அனுப்பாதீர்கள். உயர நோய் வராமல் தடுக்க அசெட்டசோலமைடு என்ற மாத்திரையைச் சிலருக்கு முன்கூட்டியே எடுக்கச் சொல்வார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எந்த மாத்திரையும் மருத்துவரைக் கேட்டுத்தான். எதைப் போட்டாலும், இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

உங்கள் நண்பரிடம் ஒன்று கேளுங்கள். அவர் போன குழுவில் எத்தனை பேர் மாத்திரை போட்டார்கள் என்று அவருக்குத் தெரியுமா?

கேள்வி: ஆளுக்கு 18 கிலோ சுமக்க வேண்டும் என்று சமமாகப் பிரித்திருக்கிறார்கள். என் எடை 56 கிலோ. நியாயமா?

நியாயமில்லை. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு 11 கிலோ வரும். 85 கிலோ எடையுள்ளவருக்கு 17. கிலோவைச் சமமாகப் பிரிப்பதைவிட உடம்புக்குத் தக்கபடி பிரிப்பதுதான் சரி. கூடாரம், அடுப்பு, சமையல் பாத்திரம், முதலுதவிப் பெட்டி எல்லாம் பொதுச் சொத்து. கூடாரத்தின் துணி ஒருவருக்கு, கம்பிகள் இன்னொருவருக்கு. சாப்பாட்டுப் பொருளைப் பலசாலிகள் எடுத்துக்கொள்ளட்டும், அது தினமும் குறைந்துகொண்டே வரும்.

பையில் கனமான பொருளை முதுகெலும்பை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே வரும்படி வையுங்கள். தூங்கும் பை அடியில். மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலே. இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி இறுக்கிவிட்டுப் பிறகு தோள் வாரை இழுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத் தோள் போச்சு என்கிறார்கள்.

பருத்தி உடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும்.

கேள்வி: தலைவர் விடியற்காலை நான்கு மணிக்கே எழுப்பிவிடுவாராம். விடுமுறைக்குப் போய் ஏன் இந்தக் கொடுமை?

அவர் நல்ல தலைவர். இரண்டு காரணம் சொல்கிறேன்.

கோடையில் உயர்ந்த மலைகளில் காலை வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, காற்று மேலெழும்பி, மதியத்துக்கு மேல் இடிமேகம் கட்டிவிடும். கணவாயின் உச்சியில் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருள் நீங்கள்தான். நண்பகலுக்கு முன்னால் அதைத் தாண்டி மறுபக்கம் இறங்கிவிட வேண்டும். மின்னலைப் பார்த்து 30 நொடிக்குள் இடி கேட்டால் அது உங்களை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. முகட்டிலிருந்து இறங்குங்கள். ஒரே மரத்தடியிலோ பாறையடியிலோ கூட்டமாக ஒண்டாமல் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நில்லுங்கள். ஒருவருக்கு அடிபட்டால் உதவ மற்றவர்கள் இருக்க வேண்டுமே.

இன்னொன்று ஓடைகள். பனி உருகி வரும் ஓடை விடியற்காலையில் முழங்காலுக்குக் கீழே இருக்கும், அதே இடம் மாலையில் தொடைக்கு மேல் போகும். இரவு முழுவதும் உருகாமல் உறைந்திருப்பதால்தான் காலையில் தண்ணீர் குறைவு. ஓடையில் இறங்கும் முன் பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். தடுமாறி விழுந்தால் பை உங்களை நீருக்குள் அமுக்கக் கூடாது.

கேள்வி: ஏரியில் குளிக்கலாமா? முகாமில் இறங்கியதும் ஒரு டைவ் அடிக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

டைவ் வேண்டாம். பனி உருகிய நீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு தன்னையறியாமல் மூச்சை உள்ளே இழுக்கும். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது அப்படி இழுத்தால் உள்ளே போவது தண்ணீர். முதல் நிமிடத்தின் ஆபத்து அது. அதைத் தாண்டினாலும் பத்து நிமிடத்துக்குள் கைகால் சொன்னபடி கேட்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் கரைக்குப் பக்கத்திலேயே மூழ்குவது இதனால்தான். அதுவும் களைத்துப்போன உடம்போடு, மூச்சுக்கே திணறும் உயரத்தில்.

கால்களை நனைத்துக்கொள்ளுங்கள், முகம் கழுவுங்கள். உச்சி வெயிலில், பக்கத்தில் ஆள் நிற்க, தரை தெரியும் ஆழத்தில் மெதுவாக இறங்கி ஏறினால் தவறில்லை. ஆனால் அதற்கு முன் தடவிய சன்ஸ்கிரீனைத் துணியால் துடைத்துவிடுங்கள். சோப்பு வேண்டவே வேண்டாம். மக்கும் சோப்பு என்று எழுதியிருந்தாலும் அது மண்ணில்தான் மக்கும். ஏரியிலிருந்து 60 மீட்டர் தள்ளிப் போய்ப் பயன்படுத்துங்கள். வருடத்தில் பாதிக்கு மேல் உறைந்தே கிடக்கும் நீர் அது. அழுக்கு சேர்ந்தால் தேறிவர ரொம்ப நாளாகும்.

கேள்வி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கழிவறைக்கு என்ன செய்வது? மாதவிடாய் நாளாக இருந்தால்?

கூச்சமே வேண்டாம், எல்லாரும் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்வி இது. ஏரி, ஓடை, பாதை, முகாம் எல்லாவற்றிலிருந்தும் 60 மீட்டர், அதாவது சுமார் 80 எட்டு தள்ளிப் போங்கள். 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி, பிறகு மண் போட்டு மூடுங்கள். காகிதத்தை மட்டும் பையில் போட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள். மரங்கள் வளராத உயரத்தில் பாறையும் குளிரும்தான், அங்கே எதுவும் சீக்கிரம் மக்காது. சில மலைப்பகுதிகளில் மலத்தையே பையில் கட்டி இறக்கிவர வேண்டும் என்பது விதி. அது நல்ல விதி.

மாதவிடாய் நாளில் தாராளமாக நடக்கலாம். நாப்கினைப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டாம். இரட்டை ஜிப் பையில், வெளியே தெரியாதபடி டேப் சுற்றிக் கொண்டுவாருங்கள். கப் பயன்படுத்துபவர்கள் கை கழுவத் தனியாக ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும் என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் நடக்கும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீர் குறைந்தாலும் தலைவலி வரும், சோர்வு வரும். அப்போது அது உயர நோயா, தாகமா என்று யாருக்கும் பிரித்துச் சொல்ல முடியாது. "பத்து நிமிஷம் நில்லுங்க" என்று தலைவர் மணிக்கு ஒருமுறை தானாகவே குழுவை நிறுத்தினால் இந்தச் சங்கடம் பாதி தீர்ந்துவிடும்.

கேள்வி: மேலே சோறு அரைவேக்காடாகவே இருந்தது. தண்ணீர் கொதித்ததே?

கொதித்தது, சூடுதான் போதவில்லை. 4,000 மீட்டரில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசியையும் பருப்பையும் ஊறவைத்துக் குக்கரில் வையுங்கள், இல்லாவிட்டால் ஓட்ஸ், நூடுல்ஸ் மாதிரி சீக்கிரம் வேகும் பொருளாக எடுத்துப்போங்கள். குடிநீருக்கு அந்தச் சூடு போதும், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும், அவ்வளவுதான். காலையில் கேஸ் டப்பா எரிய மறுத்தால், இரவு அதைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள். டப்பாவில் இருக்கும் பியூட்டேன் வாயு, தண்ணீர் உறையும் குளிரில் சரியாக ஆவியாகாது.

கேள்வி: அந்த ஏரிகளுக்கு ஏன் அப்படி ஒரு நிறம்? படத்தில் பார்த்தால் சாயம் கலந்தது போல இருக்கிறது. (எட்டாம் வகுப்பு மாணவி)

நல்ல கேள்வி கண்ணு. மேலே இருக்கும் பனியாறு மிக மெதுவாக நகரும்போது அடியில் உள்ள பாறையை அரைத்து மாவாக்கும். அந்தக் கல்மாவு ஓடையில் கலந்து ஏரிக்கு வரும். ரொம்ப நுண்ணிய மாவு என்பதால் சீக்கிரம் அடியில் படியாமல் நீரிலேயே மிதக்கும். வெயில் படும்போது சிவப்பு ஒளியைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ள, நீலத்தையும் பச்சையையும் அந்த மாவு நம் கண்ணுக்குச் சிதறடிக்கும். ஏரி இருக்கும் கிண்ணம் போன்ற பள்ளமே பழைய பனியாறு குடைந்ததுதான். ஓடை சேரும் இடத்தில் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார், பால் ஒரு சொட்டு விட்டது போல இருக்கும்.

அதே பள்ளத்தில் இரவில் குளிர்காற்று இறங்கித் தேங்கும் என்பதைப் பெரியவர்கள் கவனிக்கவும். கரையிலிருந்து கொஞ்சம் மேடேறிக் கூடாரம் போட்டால் கதகதப்பு கூடுதல்.

கேள்வி: ஐந்தாம் நாள் என் தோழிக்கு உட்கார்ந்தாலே மூச்சு வாங்கியது. நான் அவளோடு இறங்கிவிட்டேன். மற்ற ஆறு பேர் கடைசி ஏரிக்குப் போய்ப் படம் அனுப்பினார்கள். மருத்துவமனையில் நுரையீரலில் நீர் என்றார்கள், இப்போது நலமாக இருக்கிறாள். நான் செய்தது சரி என்று தெரிகிறது. ஆனாலும் அந்தப் படத்தைத் திறந்து பார்க்க மனம் வரவில்லை. தவறா?

தவறே இல்லை. நான்கு நாள் நடந்து, ஒரு நாள் நடை பாக்கியிருக்கும்போது திரும்பியிருக்கிறீர்கள். வருத்தம் இருக்கத்தான் செய்யும். அதை அவளிடம் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. சொல்லிவிடுங்கள். அவளும் உங்கள் ஏரியைத் தட்டிப்பறித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் மருகிக்கொண்டுதான் இருப்பாள். அப்புறம் அந்தப் படத்தை இரண்டு பேரும் சேர்ந்து திறந்து பாருங்கள். மருத்துவர் சம்மதித்தால் அடுத்த கோடைக்கு இன்னும் இரண்டு நாள் கூடுதலாக வைத்துத் திட்டம் போடுங்கள். ஒருமுறை நுரையீரலில் நீர் கோத்தவருக்கு மறுபடியும் வர வாய்ப்பு உண்டு என்பதால் ஏற்றம் இன்னும் நிதானமாக இருக்க வேண்டும்.

நான் சொன்ன ஆசிரியரும் அடுத்த வருடமே, மருத்துவரிடம் காட்டிவிட்டு, மறுபடி வந்தார். இந்த முறை புல்வெளியில் இரண்டு இரவு, நடுவழியில் ஒரு இரவு. ஐந்தாம் நாள் பகல் பதினொரு மணிக்கு அதே ஏரிக்கரை. அவர் பையை இறக்கிவைத்து, பூட்ஸைக் கழற்றி, காலை ஏரியில் நனைத்துவிட்டு, மறுபடி மாட்டிக் கயிறை முடிந்தார். இரண்டு காலிலும் ஒரே தடவையில். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மாலையில் எண் கேட்டபோது, "பசிதான் மூணு, மத்ததெல்லாம் பூஜ்யம்" என்றார்.